நவமிக்குப் பூக்க வேண்டிய சாமந்தி

சாமந்தியை விதை போட்டு வளர்ப்பதில்லை. தாய்ச்செடியின் நுனித்தண்டை விரல் நீளத்துக்குக் கிள்ளி, தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் குத்தி வைப்பார்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும். போன வருஷம் பூத்த செடியின் உடம்பே இந்த வருஷமும் பூக்கிறது. ஓசூர் வட்டாரத்தில் ராயக்கோட்டை, கெலமங்கலம், சூளகிரிப் பக்கத்து நர்சரிகளில் ஜூன் மாதம் போனால், நிழல்வலைக்குக் கீழே தட்டுத் தட்டாகச் சாமந்தி நாற்று நிற்பதைப் பார்க்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 மஞ்சள் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. இப்போது பூர்ணிமா போன்ற ரகங்களைத்தான் வியாபாரி கேட்கிறார், அதனால் விவசாயியும் அதையே கேட்கிறார்.

நட்டு நாலு வாரம் ஆனதும் நுனியை மறுபடி கிள்ள வேண்டும். கிள்ளாவிட்டால் செடி ஒற்றைக் குச்சியாக மேலே போய்விடும். கிள்ளினால் பக்கக்கிளை வெடித்து ஒரு செடியில் பல மொட்டு பிடிக்கும், பூப்பும் கொஞ்சம் தள்ளிப்போகும். அந்தத் தள்ளிப்போவதில்தான் விவசாயியின் கணக்கே இருக்கிறது. அவருக்குப் பூ வேண்டியது ஏதோ ஒரு மாதத்துக்கு அல்ல, நவராத்திரியின் கடைசி இரண்டு மூன்று நாளுக்கு. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நல்ல விலை போகும் பூவை, விஜயதசமிக்கு மறுநாள் அதே சந்தையில் கேட்க ஆளிருக்காது. கிலோ இருபது ரூபாய்க்கு விலைபோகாமல் பூவைக் கொட்டிவிட்டுப் போன நாளையும், இருநூறைத் தாண்டிய நாளையும் ஓசூர்ப் பூச்சந்தை பார்த்திருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், செடி சூரியனைப் பார்த்து நடக்கிறது, பண்டிகை நிலாவைப் பார்த்து நடக்கிறது. சாமந்தி குறும்பகல் செடி. இரவு நீண்டால்தான் மொட்டுக் கட்டும். செடிகள் பகல், இரவின் நீளத்தைக் கணக்குப் பார்த்துப் பூக்கின்றன என்பதை அமெரிக்க வேளாண் துறையின் கார்னர், அல்லார்டு என்ற இருவர் புகையிலையில் கண்டுபிடித்து 1920இல் வெளியிட்டார்கள். ஐப்பசி வாக்கில் பூப்பது சாமந்திக்குப் பிறவிக் குணம். ஆனால் ஆயுத பூஜை வரும் நவமி ஓரிடத்தில் நிற்பதில்லை. சந்திர வருஷம் சூரிய வருஷத்தைவிடப் பதினோரு நாள் குறைவு, அதைச் சரிக்கட்ட அவ்வப்போது ஓர் அதிக மாதம் வந்து விழும். 2022இல் ஆயுத பூஜை அக்டோபர் 4. அடுத்த வருஷம் அக்டோபர் 23. 2024இல் 11ஆம் தேதி, 2025இல் 1ஆம் தேதி. சில வருஷம் புரட்டாசியில் வருகிறது, சில வருஷம் ஐப்பசிக்குள் நுழைந்துவிடுகிறது. போன வருஷத்து நடவுத் தேதியை அப்படியே வைத்துக்கொண்டால் பூ பண்டிகைக்கு முன்னால் முடிந்துவிடும், இல்லையென்றால் பண்டிகை முடிந்தபின் வரும்.

இதற்குத்தான் வயலில் விளக்கு. தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டைச் சாலைகளில் ராத்திரியில் போகிறவர்கள், தோட்டத்துக்கு நடுவே வரிசையாகப் பல்பு தொங்குவதைப் பார்த்து ஏதோ கல்யாண வீடு என்று நினைப்பதுண்டு. குச்சி நட்டு, ஒயர் இழுத்து, செடிக்கு மேலே ஆள் உயரத்தில் பல்பு கட்டியிருப்பார்கள். ஓசூர் நில நடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் பன்னிரண்டே முக்கால் பாகையில் இருக்கிறது. ஜூனில் பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, டிசம்பரில் பதினொன்றரைக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் செடி முழங்கால் உயரம் வருவதற்குள்ளேயே பூக்கும் எண்ணம் அதற்கு வந்துவிடலாம். நடு ராத்திரியில் சில மணி நேரம் வெளிச்சம் காட்டினால், நீண்ட ஓர் இரவு இரண்டு குட்டி இரவாக அறுந்துபோகிறது. செடி மொட்டை மறந்து இலையும் கிளையுமாக வளர்கிறது. போதும் என்று தோன்றும் நாளில் விளக்கை அணைத்தால் அங்கிருந்து மொட்டுக் கணக்கு தொடங்கும். எப்போது அணைப்பது என்பது அனுபவத்தில் வருவது. நடுவில் சில ராத்திரி கரண்ட் போய்விட்டால் பாதிச் செடி முந்திக்கொண்டு, மீதி பின்தங்கி, ஒரே வயலில் மொட்டும் மலர்ந்ததும் வாடியதும் கலந்து நிற்கும். அப்படி நிற்கும் வயலைப் பார்க்கும்போது வலிக்கிறது, ஏனென்றால் அதில் உழைப்புக்குக் குறைவே இல்லை.

இந்தச் செடியின் பூர்வீகம் சீனா. அங்கே நிலாக் கணக்குப்படி ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் சாமந்தியின் நாள். மலை ஏறுவார்கள், சாமந்தி ஊறிய மது குடிப்பார்கள், பெரியவர்களைப் போய்ப் பார்ப்பார்கள். கைஃபெங் நகரம் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சாமந்தித் திருவிழா நடத்துகிறது. ஜப்பானில் பதினாறு இதழ்ச் சாமந்திதான் அரச முத்திரை. இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துத் தேதிகளை ஒத்துப்பார்த்தேன். 2020 அக்டோபர் 25, 2021 அக்டோபர் 14, 2022 அக்டோபர் 4, 2023 அக்டோபர் 23, 2024 அக்டோபர் 11. சீனத்துச் சாமந்தி நாளும் நம் ஆயுத பூஜையும் இந்த ஐந்து வருஷமும் ஒரே தேதி. இரண்டுமே வளர்பிறை ஒன்பதாம் நாள் என்பதால் வருவது இது. ஒரு நாட்டில் அதிக மாதம் முன்பே வந்து, மற்றதில் வராத வருஷத்தில் பிரிந்துவிடும், 2025இல் பிரிந்தது போல. யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளாமல், இரண்டு பெரிய தேசத்து ஜனங்கள் ஒரே திதியில் ஒரே பூவை எடுத்து வைக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

வயலுக்குத் திரும்புவோம். பறிப்பு விடிந்ததும் தொடங்காது. பனி ஈரம் இருக்கும் பூவை மூட்டை கட்டினால் உள்ளே சூடேறி, ஊர் போய்ச் சேர்வதற்குள் இதழ் பழுப்பேறிவிடும். “ஈரம் காயட்டும்ணா, அப்புறம் கை வைக்கலாம்” என்று வரப்பில் உட்கார்ந்துவிடுவார்கள் பெண்கள். வெயில் ஏறியதும் சேலைக்கு மேல் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். பூவுக்குக் கீழே இரண்டு விரலை முட்டுக்கொடுத்து, கட்டைவிரலால் ஒரு தட்டு. காம்பு துளி இருந்தால் போதும். நீளக் காம்பு பக்கத்துப் பூவின் இதழைக் கிழிக்கும். இடுப்பில் கட்டிய துணி நிறைந்ததும் மேட்டில் விரித்த தார்ப்பாயில் கொட்டிவிட்டுத் திரும்புவார்கள். இதை எந்த இயந்திரமும் இங்கே செய்வதில்லை. லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்கிற ஓசூருக்குப் பக்கத்தில்தான் இது நடக்கிறது.

மழை வந்துவிட்டால் இத்தனையும் பயனற்றது. ஓசூர்ப் பக்கத்துக்கு நல்ல மழை பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில்தான். பூக்கிற காலமும் அதுவே. அடுக்கு இதழுக்குள் தண்ணீர் தங்கி இரண்டே நாளில் அழுகிவிடும்.

மாலையில் பிக்கப் வண்டிகள் வரும். ஒரு பகுதி சேலத்துக்கும் சென்னைக்கும் போகும். ஓசூரிலேயே தங்குவதும் உண்டு. பெரும்பகுதிக்கு வடக்குதான் வழி. ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர், ஜூஜூவாடியில் தமிழ்நாடு முடிகிறது, அத்திப்பள்ளியில் கர்நாடகம் தொடங்குகிறது. சாதாரண நாளில் அந்தக் கோட்டை யாரும் கவனிப்பதில்லை. காலையில் ஆயிரக்கணக்கானவர் வேலைக்கு அந்தப் பக்கம் போய் ராத்திரி திரும்புகிறார்கள்.

காவிரிப் பிரச்சினை வெடிக்கும் நாளில் மட்டும் அந்தக் கோடு சுவராகிவிடும். 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. தமிழ்நாட்டு வண்டிகள் எல்லையிலேயே நின்றன. 2023 செப்டம்பர் 26இல் பெங்களூரு பந்த், 29இல் கர்நாடக பந்த், மறுபடியும் ஜூஜூவாடியில் வண்டி வரிசை. இரும்புக் கம்பி ஏற்றிய லாரி இரண்டு நாள் நின்றால் வாடகை நஷ்டம். பூ ஏற்றிய வண்டி ஒரு ராத்திரி நின்றால் மூன்று மாதம் போயிற்று. தண்ணீருக்கான வழக்கு நியாயமானது, அது நீதிமன்றத்திலும் ஆணையத்திலும் தீரட்டும். பந்த் நாளில் பால் வண்டிக்குக் கிடைக்கும் வழி பூ வண்டிக்கும் கிடைக்க வேண்டும். இரண்டு மாநில அரசும் நினைத்தால் ஓர் உத்தரவில் முடிகிற காரியம் இது. அந்தப் பூவுக்காகக் காத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்துக் கன்னடக் குடும்பங்கள்தான்.

ராத்திரி இரண்டு மூன்று மணிக்குப் பெங்களூரின் கே.ஆர். மார்க்கெட் விழித்துவிடும். மைசூர் மன்னர் கிருஷ்ணராஜ உடையாரின் பேரில் வந்த சந்தை. மேல்தளத்திலிருந்து எட்டிப் பார்த்தால் பூஜை நாளில் தரை தெரியாது. மஞ்சள் சாமந்தி ஒரு குவியல், வெள்ளை ஒரு குவியல், பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் செண்டுமல்லி. அந்தச் செண்டுமல்லி இன்னும் தூரத்துக்காரர், மெக்சிகோவிலிருந்து வந்தவர். நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்த உறவுகளை வரவேற்க மெக்சிகோக்காரர்கள் வீட்டு வாசலிலிருந்து படையல்வரை வழி நெடுக விரிப்பது அதைத்தான். இங்கே தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே வாயில் கலந்து விலை பேசுகின்றன. பூக்கட்டும் பெண்கள் அங்கேயே உட்கார்ந்து நாரில் தொடுக்கிறார்கள். சாமந்தி கிலோவாக வந்து மாராகவும் முழமாகவும் வெளியே போகிறது.

விடிந்ததும் நகரம் முழுக்க அது இருக்கிறது. பஸ்ஸின் முன்கண்ணாடியில், ஆட்டோவின் ஹேண்டில்பாரில், மெக்கானிக் கடையில் சுத்தம் செய்து பரப்பிய ஸ்பேனர் செட்டின் மேல், ஐ.டி. அலுவலகத்தில் குங்குமம் வைத்த சர்வர் அறைக் கதவில். கொலுப்படியின் ஓரத்தில், நவராத்திரிக் கச்சேரி மேடையின் முகப்பில், துர்க்கா பூஜைப் பந்தலில். 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கிய தசரா, மைசூருக்குப் போய் இன்றும் நடக்கிறது. அங்கே யானை ஊர்வலம் போகும் தெருக்களில் தோரணமும் மாலையும் இல்லாத கடையைத் தேட வேண்டியிருக்கும்.

ஓசூரில் தங்கிய பங்கு சிப்காட் தொழிற்பேட்டைக்குள் போகிறது. ஆயுத பூஜை அன்று மதியத்தோடு லேத்தும் பிரஸ்ஸும் நிற்கும். ஷிப்ட் ஆட்கள் காட்டன் வேஸ்ட்டால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சந்தனப் பொட்டிட்டு, சிஎன்சி மெஷினின் கதவுக்குக் குறுக்கே சாமந்திச் சரத்தைக் கட்டுவார்கள். பொரி, கடலை, வாழைப்பழம். வாசலில் பூசணிக்காய் உடைப்பு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்களும் சரத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பக்கத்திலேயே விளைந்த பூ அது என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

தசமி கழிந்ததும் மெஷின் ஓடத் தொடங்கும், சரம் இறங்கும். வயலில் இன்னும் மொட்டு மிச்சம் இருக்கிறது. தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் கொஞ்சம் போகும், விலை முன்போல இராது. பூ ஓய்ந்ததும் செடியைத் தரையோடு அறுப்பார்கள். அடியில் பக்கக்கன்று வெடிக்கும், நல்லதாகப் பார்த்துத் தாய்ச்செடிக்கு ஒதுக்கிவைப்பார்கள். 2026இல் அதிக மாதம் வருவதால் ஆயுத பூஜை அக்டோபர் 19க்குத் தள்ளிப்போகிறது. 2025க்கு நட்டதைவிட இரண்டரை வாரம் தாமதித்து நட வேண்டும், நர்சரியில் நாற்றுக்கும் அதற்குத் தக்கபடி சொல்லிவைக்க வேண்டும்.