கொங்கு நாட்டில் மாவுப்பூச்சியும் குளவியும்

சென்னை சைதாப்பேட்டையில் 1868-இல் வேர்விட்டு, 1906-இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்து, 1971-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், 2008-இல் தன் வாசலிலேயே ஒரு புதிய பகையை எதிர்கொண்டது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி, அதாவது உடல் முழுவதும் வெண்மெழுகு பூசி இலைச்சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி, இந்தியாவில் முதன்முதலாகக் கோவைப் பகுதியில் காணப்பட்டு, பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி என ஈரோடு, திருப்பூர் வரை பரவியது.

மெழுகுப் பூச்சின்மேல் மருந்து எளிதில் ஒட்டவில்லை. தெளித்த நஞ்சோ நன்மை செய்யும் பூச்சிகளையும் சேர்த்தே கொன்றது. மல்பெரித் தோட்டத்தின் நிலை இன்னும் சிக்கலானது. அந்த இலையைத் தின்றே பட்டுப்புழு வளர்வதால், அங்கே மருந்தடிப்பது பிழைப்பையே அழிப்பதற்கு ஒப்பாகும்.

தாயகத்தில் இப்பூச்சியை அடக்கிவைத்திருந்தவை அதன் இயற்கை எதிரிகளே என்பதால், பெங்களூரில் இயங்கிய தேசிய வேளாண் முக்கியத்துவப் பூச்சிகள் பணியகம் 2010-இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்னும் நுண்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட, வெளிவரும் புழு அதை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். முளைகட்டிய உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மேல் குளவியைப் பெருக்கும் பணியைப் பல்கலைக்கழகம் மேற்கொண்டது. பகையை வளர்த்தால்தான் துணை பெருகும் என்னும் இந்த முரண், பண்ணைகளில் குளவிகள் விடப்பட்ட சில மாதங்களிலேயே பலன் தரத் தொடங்கியது.