பாமாயில் ஆலைக் கழிவில் விமான எரிபொருள்: கழிவு எது என்பதில் சர்ச்சை

2023 அக்டோபர் 27ஆம் தேதி, இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் இருந்து சோலோ நகருக்கு கருடா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்று பயணிகளுடன் பறந்தது. அதன் எரிபொருளில் 2.4 சதவீதம் செம்பனை விதைப்பருப்பு எண்ணெயில் இருந்து பெறப்பட்டது. இதற்கான வினையூக்கியை அரசு எண்ணெய் நிறுவனமான பெர்த்தமினாவும் பாண்டுங் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து உருவாக்கியிருந்தன.

தாவர எண்ணெயை விமான எரிபொருளாக மாற்றும் வேதியியலில் இன்று பெரிய புதிர்கள் இல்லை. சர்ச்சை முழுவதும் மூலப்பொருளைப் பற்றியது. குறிப்பாக, எண்ணெய் ஆலைகளில் மிஞ்சும் பொருட்களைக் 'கழிவு' என்று ஏற்பதா, இல்லையா என்பது பற்றியது.

இரண்டு வினையூக்கிகள்

தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஆக்சிஜன் உண்டு. மண்ணெண்ணெய் போன்ற விமான எரிபொருளில் அது இருக்கக்கூடாது. எனவே முதற்கட்டமாக, 300 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்திலும் உயர் அழுத்தத்திலும், நிக்கல்-மாலிப்டினம் வினையூக்கியின் மீது எண்ணெயும் ஹைட்ரஜனும் செலுத்தப்படுகின்றன. ஆக்சிஜன், நீராகவும் கரியமில வாயுவாகவும் பிரிந்துவிடுகிறது.

எஞ்சுவது நீண்ட, நேரான கார்பன் சங்கிலிகள். இவற்றை அப்படியே பயன்படுத்த முடியாது. 18 கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலி 28 டிகிரியிலேயே உறைந்துவிடும்; சென்னையின் மார்கழிக் காலையில் அது மெழுகாகத்தான் இருக்கும். ஆனால் சர்வதேச விமானங்களில் பயன்படும் ஜெட் ஏ-1 எரிபொருள், மைனஸ் 47 டிகிரி வரை உறையக்கூடாது. ஆகவே பிளாட்டினம் கலந்த ஜியோலைட் போன்ற இரண்டாவது வினையூக்கி, சங்கிலிகளை உடைத்து, கிளைகள் உள்ளவையாக மாற்றுகிறது. இதில் ஒரு பகுதி நாப்தாவாகச் சிதறுவதாலும் ஹைட்ரஜன் அதிகம் தேவைப்படுவதாலும் செலவு கூடுகிறது.

ஆலைக் கழிவுகளில் பாஸ்பரசும் உலோகங்களும் கலந்திருக்கும். இவை வினையூக்கியைச் செயலிழக்கச் செய்யும் என்பதால் முன்கூட்டியே அகற்றப்பட வேண்டும். இம்முறையில் தயாராகும் எரிபொருளை 50 சதவீதம் வரை கலப்பதற்கு 2011ல் சர்வதேசத் தரச்சான்று கிடைத்தது.

ஒரே பொருள், இரண்டு கணக்கு

கச்சா செம்பனை எண்ணெயைச் சுத்திகரித்து வாடை நீக்கும்போது, கொழுப்பு அமிலங்கள் தனியே வடிகின்றன. தமிழகத்தில் பாமாயில் என்று அறியப்படும் எண்ணெயின் துணை விளைபொருள் இது. எண்ணெயின் அளவில் ஏறக்குறைய 5 சதவீதம் கிடைக்கிறது. சோப்பு, மெழுகுவர்த்தி, கால்நடைத் தீவனம் ஆகியவற்றுக்கு இது பயன்படுகிறது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இந்த வடிபொருளைத் துணை விளைபொருள் என்று பட்டியலிட்டுள்ளது. ஆகவே காடழிப்பின் சுமை அதன் கணக்கில் ஏறுவதில்லை. இதிலிருந்து பெறும் எரிபொருளுக்கு, ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு 20.7 கிராம் கரியமில வாயு என்று அது கணக்கிடுகிறது. பெட்ரோலிய எரிபொருளுக்கு இது 89 கிராம். கழிவுநீரைத் திறந்த குட்டைகளில் தேக்கும் ஆலையின் செம்பனை எண்ணெயையே எரிபொருளாக்கினால், நிலப் பயன்பாட்டு மாற்றத்தையும் சேர்த்து 99.1 கிராம், அதாவது பெட்ரோலியத்தை விட மோசம். ஒரே பழத்தில் பிறந்த இரு பொருட்களுக்கு இடையே இவ்வளவு தூரத்தை ஏற்படுத்துவது பெரும்பாலும் ஒரு சொல்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. விமான எரிபொருளில் 2025ல் 2 சதவீதமும், 2030ல் 6 சதவீதமும், 2050ல் 70 சதவீதமும் நிலைத்தகு எரிபொருளாக இருக்க வேண்டும் என்று 2023ல் அது சட்டம் இயற்றியது. ஆனால் இந்த வடிபொருளில் இருந்து தயாரிக்கப்பட்டது இலக்கில் சேராது. இதற்கான வாதம் எளிதானது: வடிபொருள் விமானத்துக்குப் போனால், சோப்புத் தயாரிப்பாளர் புதிய செம்பனை எண்ணெயைத் தேடுவார், அதற்காகக் காடு அழியும்.

இந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. ஆனால் உலகச் செம்பனை எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உற்பத்தி செய்யும் இந்தோனேசியாவும் மலேசியாவும், ஐரோப்பாவின் உயிரி எரிபொருள் விதிகளை வர்த்தகத் தடையாகவே பார்க்கின்றன. மலேசியா தொடுத்த வழக்கில், 2024 மார்ச்சில் உலக வர்த்தக அமைப்பின் குழு அதன் முக்கிய வாதங்களை ஏற்கவில்லை. ஆயினும் விதிகள் நடைமுறைப்படுத்தப்பட்ட விதத்தில் குறைகளைச் சுட்டிக்காட்டியது.

2024ல் உலகின் விமான எரிபொருளில் நிலைத்தகு எரிபொருளின் பங்கு சுமார் 0.3 சதவீதமே. அதற்குள்ளாகவே, கழிவு என்ற பெயருக்குக் கிடைக்கும் விலை சந்தையைத் திரிக்கத் தொடங்கியுள்ளது. 2025 ஜனவரியில் இந்தோனேசியா, பயன்படுத்திய சமையல் எண்ணெய் மற்றும் செம்பனை ஆலைக் கழிவு எண்ணெயின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. ஆலைகளில் கிடைக்கக்கூடிய அளவை விட ஏற்றுமதியான கழிவு எண்ணெய் அதிகம் என்றும், நல்ல எண்ணெய் அதில் கலக்கப்பட்டிருக்கிறது என்றும் அந்நாட்டு அரசு கூறியது.