ஜீவனியை ஒரு கோப்பையில் கரைக்கலாமா? குழந்தைகளில் சோடியம் நஞ்சாதலும் அவசர சிகிச்சையும்

வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு ஜீவனி கொடுப்பது நம் வீடுகளில் வழமை. ஒரு பக்கெட்டை ஒரு லீட்டர் தண்ணீரில் கரைத்தால் அது உயிர் காக்கும் மருந்து. "பிள்ளை இவ்வளவு குடிக்காதே" என்று முழுப் பக்கெட்டையும் ஒரு கோப்பையில் கரைத்துக் கொடுத்தால் அதுவே நஞ்சாகலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில் லீட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் உண்டு. ஒரு லீட்டருக்கான தூளை 200 மில்லிலீட்டரில் கரைத்தால் அந்தச் செறிவு 375 ஆகிறது. இரத்தத்தில் இருக்க வேண்டியதோ 135 முதல் 145 வரைதான். அதற்கு மேல் மிகவும் ஏறினால் மூளைக் கலங்களிலிருந்து நீர் வெளியேறும். மூளையில் இரத்தக் கசிவும் ஏற்படலாம்.

அறிகுறிகள்

தீராத தாகம், ஓயாத சிணுங்கல், கீச்சென்ற அழுகை, காய்ச்சல், பின்னர் மயக்கம், வலிப்பு. இரத்த ஓட்டம் ஓரளவு சீராகவே இருப்பதால், ஆரம்பத்தில் பிள்ளை அவ்வளவு வாடித் தெரியாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

• அந்தக் கரைசலை உடனே நிறுத்துங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.
• விழிப்புடன் இருந்தால் தாய்ப்பால் கொடுக்கலாம். உப்பை முறிப்பதாக நினைத்து நிறையத் தண்ணீர் புகட்ட வேண்டாம்.
• வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள்.
• 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். பக்கெட்டையும் கரைத்த பாத்திரத்தையும் கொண்டு சென்று, கரைத்த விதத்தை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வைத்தியசாலையில்

முதலில் சுவாசமும் இரத்த ஓட்டமும் உறுதிப்படுத்தப்படும். வலிப்பு கட்டுப்படுத்தப்படும், சோடியம், சீனி அளவுகள் பார்க்கப்படும். உயர்ந்த சோடியம் பொதுவாக நாளொன்றுக்கு 10 முதல் 12 மில்லிமோலுக்கு மேல் குறையாதவாறு மெதுவாகவே இறக்கப்படுகிறது. வேகமாக இறக்கினால் நீர் மூளைக்குள் புகுந்து வீக்கம் உண்டாகும். சில மணித்தியாலங்களுக்குள் ஏறிய சோடியத்தைச் சற்று வேகமாகக் குறைப்பதுண்டு. மிகக் கடுமையான நிலையில் இரத்தச் சுத்திகரிப்பும் தேவைப்படலாம். எனவே, "இரண்டு நாளாகியும் ஏன் வீட்டுக்கு விடவில்லை?" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

இதற்காக ஜீவனிக்குப் பயப்படத் தேவையில்லை. கொதித்தாறிய ஒரு லீட்டர் தண்ணீரை அளந்து, முழுப் பக்கெட்டையும் கரைத்து, சிறிது சிறிதாகப் பருக்குங்கள். 24 மணித்தியாலத்தில் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். சீனியோ உப்போ சேர்க்காதீர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் உம்மும்மாவுக்கும் இந்த அளவைச் சொல்லி வையுங்கள்.