கால் சுற்றும் அரைச் சுற்றும்

திருவண்ணாமலைத் திருக்கோயிலின் நான்கு திசைகளிலும் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றை வெறும் நான்கு புள்ளிகளாக வரைந்தால், படத்தைக் கால் சுற்றுத் திருப்பினாலும் மாற்றம் தெரியாது என்றே தோன்றும். ஆயின், கிழக்கே நிற்பது 217 அடி உயர இராசகோபுரம். மேற்கிலுள்ள பேய்க்கோபுரம் அவ்வளவு உயர்ந்ததன்று. அரைச் சுற்றுத் திருப்பினாலும் வேறுபாடு புலப்பட்டுவிடும். திருப்பினால் தோற்றம் மாறுகிறதா என்னும் இவ்வெளிய வினாவே படிகங்களை வகைப்படுத்தும் முறைக்கும் அடிப்படை என்பேன்.

ஒரு வடிவத்தின் தோற்றத்தை மாற்றாத திருப்பங்கள், பிரதிபலிப்புகள் ஆகியவற்றின் தொகுதியைக் கணித நூலார் 'குலம்' என்பர். படிக வடிவங்களுக்கு 32 குலங்களே உண்டு என 1830-இல் ஜெர்மானியரான ஹெஸல் கணக்கிட்டார். படிகத்தினுள் அணுக்கள் அடுக்கப்பட்ட முறையை எக்ஸ் கதிர்கள் காட்டத் தொடங்கியதோ 1912-க்குப் பின்னரே.

உப்பும் பைரைட் என்னும் கனிமமும் கனசதுரமாக விளைவன. உப்பின் முகத்தைக் கால் சுற்றுத் திருப்பினால் பொருந்தும். பைரைட்டின் முகத்திலோ மெல்லிய இணைகோடுகள் உள்ளன. கால் சுற்றில் அவை குறுக்காகிவிடும். அரைச் சுற்றில்தான் பொருந்தும். நம் வீட்டுப் படிகாரமும் பைரைட்டின் குலத்தைச் சேர்ந்ததே.

இச்சிறு வேறுபாட்டால் விளைவதென்ன? ஒளி ஊடுருவும் படிகத்தை அழுத்தினால், அதனுள் ஒளி செல்லும் வேகம் மாறும். கனசதுரத் தொகுதியின் ஐந்து குலங்களுக்கும் அம்மாற்றத்தைக் கூற மூன்று மாறிலிகள் போதும் என்று ஜெர்மானிய அறிஞர் போக்கல்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதினார். ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் அக்கணக்கே நின்றது.

1942-இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில், சர் சி. வி. இராமனின் மாணவரான எஸ். பகவந்தம், குலக் கோட்பாட்டைக் கொண்டு மீண்டும் எண்ணினார். பைரைட்டின் குலம் உள்ளிட்ட இரண்டுக்கு நான்கு மாறிலிகள் வேண்டும் எனக் கண்டார். காரணம் எளிது. உப்பை ஓர் அச்சின் வழியே அழுத்தினால் மற்ற இரு அச்சுகளும் சமமாகவே மாறவேண்டும். கால் சுற்று அவற்றை ஒன்றுக்கொன்று இடம் மாற்றிவிடுகிறதன்றோ? படிகாரத்தில் அக்கட்டாயம் இல்லை. பின்னர் நடந்த சோதனைகளும் பகவந்தத்தின் முடிவை உறுதிப்படுத்தின.

மாணவ நண்பர்களே, இந்த வரலாற்றில் என்னைக் கவர்வது ஒன்றுண்டு. புகழ்பெற்ற நூலில் உள்ளதென்று விட்டுவிடாமல் ஒருவர் திரும்ப எண்ணிப் பார்த்தார். எண்ணுவதற்கு அவருக்கு வேண்டியிருந்தவை தாளும் எழுதுகோலும் கணிதத் தெளிவுமே.