குடத்தில் இல்லாத பெயர்

உத்திரமேரூருக்கு நான் போனதே ஒரு ஸ்லைடுக்காகத்தான். எங்கள் வாசிப்பு வட்டத்தில் மாதம் ஒருவர் ஏதாவது ஒரு வரலாற்று இடத்தைப் பார்த்துவிட்டு வந்து இருபது நிமிடம் பேச வேண்டும். என் முறை வந்தபோது, ஊருக்குக் கிளம்பும் முன்பே முதல் ஸ்லைடு தயார்: ‘உலகின் முதல் ஜனநாயகம்’. எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்?

அம்மாவும் கூட வந்தாள். எங்கள் ஊரில் ஐந்து வருஷம் வார்டு உறுப்பினராக இருந்தவள். “அந்தக் காலத்து எலெக்‌ஷன் எப்படின்னு நானும் பாக்குறேன்” என்றாள்.

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். வைகுண்டப் பெருமாள் கோயில் சின்னதுதான். ஆனால் சுவர்க் கற்களில் வரிவரியாக எழுத்து. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் இந்த ஊர்ச் சபை எடுத்த இரண்டு முடிவுகள் அதில் இருக்கின்றன. 1898இல் படியெடுக்கப்பட்ட இவற்றை, கல்வெட்டு அறிஞர் வெங்கையா தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் விரிவாக எழுதினார். கல்லில் என்னால் ஓரிரு எழுத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. கையில் இருந்த பிரிண்ட் அவுட்டைப் பார்த்து அம்மாவுக்கு 921ஆம் ஆண்டுக் கல்வெட்டைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, குடத்தில் போடுவார்கள். சபை கூடியிருக்க, வயதில் மூத்த நம்பி ஒருவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுத்துத் தருவான். வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும்.

“ஏன் தெரியுமா? விரலிடுக்குல வேற ஓலையை வெச்சு மாத்திடக் கூடாதுல்ல” என்றாள் அம்மா. ஓட்டு எண்ணும் இடத்தில் நின்றவள். எனக்கு இது தோன்றவே இல்லை.

இப்படி 30 பேர். சம்வத்சர வாரியம் என்ற ஆண்டு வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. பதவி 360 நாள். கடந்த மூன்று வருஷத்தில் எந்த வாரியத்திலும் இருந்தவர் பெயரை எழுதக் கூடாது. குற்றம் செய்தால் உடனே நீக்கம்.

அடுத்ததுதான் முக்கியம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் மறுபடி குடத்துக்குள் போகாது. அவர் மட்டுமல்ல, அப்பா, அண்ணன் தம்பி, சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மச்சான், மருமகன் என்று பட்டியல் நீள்கிறது.

அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டாள். “மச்சானும் கூடாதா? அப்போ நம்மூர்ல ஒருத்தனும் தேற மாட்டான்.” பிறகு சிரிப்பு நின்றது. அவள் பதவியில் இருந்தபோது தெருக்குழாய்ச் செலவுக்கு ஒருமுறை கணக்குக் கேட்டிருக்கிறாள். “அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா, கையெழுத்து போடு” என்றார்களாம். இதுவரை எங்களிடம் சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: “சரி, எம்பேரு இந்தக் குடத்துக்குள்ள இருந்திருக்குமா?”

தகுதிப் பட்டியலைப் படித்தேன். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர். சொந்த மனையில் சொந்த வீடு. வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் கற்றுப் பிறருக்குச் சொல்லித்தரும் அறிவு. ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவருக்கு அரைக்கால் வேலியே போதும். ஏனென்றால் இது பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட ஊர், சதுர்வேதிமங்கலம். சபையும் அவர்களுடையது. வேளாளர் ஊர்களுக்கு ‘ஊர்’ என்றும், வணிகர் குடியிருப்புகளுக்கு ‘நகரம்’ என்றும் தனி அவைகள் இருந்தன. ஆனால் இந்த ஊர் வயலில் இறங்கி உழைத்தவர்களின் பெயரையோ பெண்களின் பெயரையோ இந்த ஓலைகளில் எழுத வழியே இல்லை.

“அப்போ இல்லை” என்றாள் அம்மா. கோபமெல்லாம் இல்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கியதால்தான் அவளால் தேர்தலில் நிற்க முடிந்தது. அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அன்று ராத்திரி முதல் ஸ்லைடை அழித்தேன். அது இரண்டு வகையில் தப்பு. ‘முதல்’ இல்லை, ஏதென்ஸில் இதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முன்பே பதவிகளுக்குச் சீட்டு எடுத்திருக்கிறார்கள். நாம் நினைக்கிற ‘ஜனநாயக’மும் இல்லை, குடவோலை என்பது ஓட்டுப் போடுவது அல்ல, தகுதி பெற்ற சிலருக்குள் நடந்த குலுக்கல்.

கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஒரு நண்பருக்கு வருத்தம். “2020ல புது நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டுன அன்னைக்கே பிரதமர் இந்த ஊரைச் சொன்னார். நம்ம பெருமையை நாமே குறைச்சுக்கணுமா?” என்றார்.

குறைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், அதிகாரம் கையில் இருந்த ஒரு சிறு கூட்டம், தன்மீதும் தன் சொந்தக்காரர்கள்மீதும் நம்பிக்கை வைக்காமல் விதி எழுதி, யாரும் அழிக்க முடியாதபடி கல்லில் வெட்டி வைத்தது. அதே கல் யார் வெளியே நின்றார்கள் என்பதையும் சொல்கிறது. வெறும் பெருமைக்காக மட்டும் போனால் இந்த இரண்டுமே கண்ணில் படாது. இன்று குடத்துக்குள் எல்லோர் பெயரும் போகலாம். கணக்கு விதியைத்தான் எங்கேயோ தொலைத்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: “கணக்கு விஷயத்தைச் சொன்னியா?”

“சொன்னேன்.”

“எம்பேரு இல்லாததை?”

“அதையும் சொன்னேன்மா.”

“அக்டோபர் 2 கிராம சபை இருக்கு. அந்தக் கணக்குப் பக்கத்தை மட்டும் ஒரு பிரிண்ட் எடுத்துக் குடு. எழுத்து பெருசா இருக்கட்டும்.”