ரொனால்ட்ஸ், சர் பிரான்சிஸ்

ரொனால்ட்ஸ், சர் பிரான்சிஸ் (1788–1873): மின்தந்தி முன்னோடிகளுள் ஒருவர், ஆங்கிலேயர். இலண்டனில் பிறந்தவர். 1816-இல் ஹாமர்ஸ்மித் வீட்டுத் தோட்டத்தில், மரச்சட்டங்களுக்கிடையே சுமார் 8 மைல் நீள இரும்புக் கம்பியை மாறிமாறிக் கட்டி, நிலைமின்சாரத்தால் செய்தி அனுப்பிக் காட்டினார். மண்ணுக்கடியிலும் 525 அடிக்குக் கண்ணாடிக் குழாய்க்குள் கம்பி பதித்தார்.

இயங்கும் முறை: இரு முனைகளிலும் ஒரே வேகத்தில் ஓடும் கடிகாரங்கள், அவற்றில் எழுத்துகள் பொறித்த வட்டத் தகடுகள். ஒரு சிறு திறப்பின் வழியே ஒரு நேரத்தில் ஓர் எழுத்தே தெரியும். கம்பியில் மின்னேற்றம் இருக்கும்வரை மறுமுனையில் தொங்கும் இரு நெட்டிப் பந்துகள் விலகி நிற்கும். வேண்டிய எழுத்து வந்ததும் அனுப்புபவர் மின்னிறக்கம் செய்வார், பந்துகள் ஒட்டிக்கொள்ளும். அக்கணம் திறப்பில் தெரியும் எழுத்தே செய்தி.

பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம், தந்தி எவ்வகையாயினும் இப்போது தேவையில்லை என்று அதே ஆண்டு மறுத்துவிட்டது. நெப்போலியப் போர்கள் முடிந்திருந்த காலம் அது. ரொனால்ட்ஸ் காப்புரிமை கோரவில்லை. 1823-இல் தம் முறையை நூலாக வெளியிட்டார். பின்னர் கியூ வானாய்வகத்தை நடத்தி, வானிலை அளவீடுகளை ஒளிப்படமாகத் தொடர்ந்து பதியும் கருவிகளை உருவாக்கினார். 1870-இல், தம் 82-ஆம் வயதில், சர் பட்டம் பெற்றார்.