கேட்க வந்தவர் காசு கொடுத்த காலம்

1826. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மில்பரி என்ற சிற்றூர். யேல் கல்லூரியில் படித்த, பாறைகள் மீதும் தாதுக்கள் மீதும் தீராத மோகம் கொண்ட ஜோசையா ஹோல்புரூக் அங்கே வந்து அறிவியல் சொற்பொழிவுகள் நடத்தினார். கேட்க வந்தவர்கள் விவசாயிகளும் பட்டறைத் தொழிலாளிகளும். அவர்களில் முப்பது நாற்பது பேரை வைத்து அவர் ஒரு சங்கம் தொடங்கினார். அரிஸ்டாட்டில் ஏதென்ஸில் பாடம் சொன்ன இடத்தின் பெயரையே அதற்கு வைத்தார்: லைசியம். உறுப்பினர்கள் சிறு சந்தா கட்டுவார்கள், உள்ளூர்க்காரர்களே முறைவைத்துப் பேசுவார்கள் என்பது ஏற்பாடு. பத்து ஆண்டுகளுக்குள் நாடெங்கும் லைசியங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. ஆனால் உள்ளூர்க்காரர்கள் எத்தனை வாரம்தான் பேசுவார்கள்? சொல்ல விஷயம் தீர்ந்துபோனது. வெளியூரிலிருந்து ஆள் வரவழைக்க வேண்டியிருந்தது. வருகிறவர் சும்மா வருவாரா?

தேவாலயப் பணியைத் துறந்த எழுத்தாளர் எமர்சன் வந்தார். தொடக்க காலத்தில் அவருக்குக் கிடைத்தது ஐந்து டாலரும் குதிரைக்குத் தீனியும்தான் என்று சொல்வதுண்டு. உறைந்து கிடந்த மிசிசிப்பி ஆற்றை நடந்தே கடந்துபோய்ப் பேசிய அவர், வாழ்நாளில் ஏறக்குறைய 1,500 சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். எல்லாருக்கும் அந்த யோகம் வாய்க்கவில்லை. இல்லினாய் மாநில வழக்கறிஞர் ஒருவர், தன் பெயரில் ஒரு காப்புரிமையும் வைத்திருந்தவர், 1858-59இல் மனிதகுலத்தின் கண்டுபிடிப்புகளைப் பற்றி ஒரு சொற்பொழிவைத் தயாரித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். தொழில்நுட்பப் பேச்சு எடுபடவில்லை. ப்ளூமிங்டனில் ஒரு மாலை போதிய ஆள் சேராததால் கூட்டத்தை ரத்து செய்தார்கள். அந்த வழக்கறிஞர் ஆபிரகாம் லிங்கன். மேடைப் பேச்சில் பணம் இருந்தது, ஆனால் யாருக்கு எங்கே கூட்டம் சேரும் என்று கணக்குப் போட ஆள் இல்லை.

அந்த ஆள் ஒரு போராளியாக வந்து சேர்ந்தார். ஸ்காட்லாந்து எல்லையோர ஊரான பெர்விக்கில் பிறந்த ஜேம்ஸ் ரெட்பாத், அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஒளிந்து திரிந்து அடிமைகளைப் பேட்டி கண்டு எழுதிய பத்திரிகையாளர். 1867இல் சார்லஸ் டிக்கின்ஸ் தன் நாவல்களை மேடையில் வாசித்துக் காட்ட அமெரிக்கா வந்தார். டிக்கெட்டுக்காகக் கடுங்குளிரில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள், கள்ளச்சந்தைக்காரர்கள் கொள்ளை லாபம் பார்த்தார்கள். ஏறக்குறைய 19,000 பவுண்டு சம்பாதித்த டிக்கின்ஸ், உடல் நொந்து ஊர் திரும்பினார். பேச்சாளர் பேசினால் போதும், ரயில், விடுதி, அரங்கம், வசூல் எல்லாவற்றையும் நாம் பார்த்துக்கொண்டால் என்ன என்று ரெட்பாத் யோசித்தார். 1868இல் பாஸ்டனில் ஒரு அலுவலகம் திறந்தார். பேச்சாளர் வாங்கும் தொகையில் பத்து சதவீதம் கமிஷன். ஃபிரெடரிக் டக்ளஸ் உள்ளிட்ட பெரும் பேச்சாளர்கள் அவர் பட்டியலுக்குள் வந்தார்கள். அடுத்த ஆண்டே அந்தப் பட்டியலில் சேர்ந்த நகைச்சுவை எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கை, இந்தக் கதையின் மிக விசித்திரமான திருப்பத்தைச் சுமந்துகொண்டிருந்தது.

அந்த எழுத்தாளர் மார்க் ட்வைன். அவருடைய தந்தை டென்னசி மாநிலத்தில் 70,000 ஏக்கருக்கு மேல் காட்டு நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போட்டிருந்தார். ஒருநாள் இந்த நிலம் உங்களை ராஜாவாக்கும் என்ற நம்பிக்கையைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு 1847இல் இறந்தார். நிலம் யாரையும் ராஜாவாக்கவில்லை. பல ஆண்டுகளில் துண்டு துண்டாகக் கரைந்துபோனது. மகனோ நிலத்தை விட்டுவிட்டு இயந்திரத்தைப் பிடித்தார். ஜேம்ஸ் பெய்ஜ் என்பவர் உருவாக்கிக்கொண்டிருந்த அச்சுக்கோக்கும் இயந்திரத்தில், 1880 தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் பணத்தைக் கொட்டினார். மொத்தம் சுமார் 3,00,000 டாலர். ஏறக்குறைய 18,000 உதிரிபாகங்கள் கொண்ட அந்த இயந்திரம் சரியாக ஓடும் நாளில் அற்புதமாக ஓடியது, மறுநாள் பழுதாகி நின்றது. அதற்குள் மெர்கந்தாலரின் லினோடைப் இயந்திரம் சந்தையைப் பிடித்துவிட்டது. 1894இல் ட்வைனின் பதிப்பகமும் திவாலானது. கையில் மிஞ்சியது ஒன்றே ஒன்று: பேச்சு.

ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் ஹென்றி ரோஜர்ஸ் கடன் கணக்குகளைச் சீர்செய்ய உதவினார். கடன் கொடுத்தவர்களுக்குக் கடைசிக் காசு வரை கொடுப்பேன் என்று அறிவித்துவிட்டு, 59 வயதில் 1895இல் ட்வைன் உலகச் சுற்றுப்பயணம் கிளம்பினார். நூற்றுக்கும் மேற்பட்ட மேடைகள். பம்பாயிலும் கல்கத்தாவிலும் பேசினார். 1896 மார்ச் இறுதியில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி, மதராஸில் ஒருநாள் நின்று, இலங்கைக்குப் போய், அங்கிருந்து மொரீஷியஸ் திசையில் சென்றார். 1898இல் கடன் முழுவதும் அடைந்தது. முதலீட்டில் தோற்றவர் ஒருவரை மேடை காப்பாற்றியது. முதலீட்டைப் பற்றிப் பேசியே மேடையில் ஜெயிக்க முடியும் என்பதை அதற்கு முன்பே இன்னொருவர் கண்டுகொண்டிருந்தார்.

ரசல் கான்வெல் ஃபிலடெல்ஃபியாவின் பாப்டிஸ்ட் போதகர். 1870இல் டைக்ரிஸ் நதியில் பயணம் போனபோது அராபிய வழிகாட்டி ஒருவர் சொன்ன கதை அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. சிந்து நதிக்கரை விவசாயி அலி ஹஃபீத், வைரம் தேடித் தன் நிலத்தை விற்றுவிட்டு உலகெல்லாம் அலைந்து கடலில் விழுந்து செத்தார். அவர் விற்ற நிலத்திலேயே வைரம் கிடைத்தது, அதுதான் கோல்கொண்டா சுரங்கம் என்று கதை முடியும். கோல்கொண்டா வைரங்கள் கிருஷ்ணா நதிக்கரையில் எடுக்கப்பட்டவை. சிந்துவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அரங்கில் அதை யாரும் கேட்கவில்லை. பென்சில்வேனியாவில் 833 டாலருக்கு நிலத்தை விற்றுவிட்டு எண்ணெய்த் தொழிலைத் தேடிக் கனடா போனவரின் கதையை கான்வெல் அடுத்து எடுப்பார். அந்த நிலத்துக்கு அடியில்தான் எண்ணெய் இருந்தது! பணக்காரர் ஆவது ஒவ்வொருவரின் கடமை என்று அவர் அடித்துச் சொன்னார். அந்த ஒரே சொற்பொழிவை 6,000 தடவைக்கு மேல் நிகழ்த்தினார். வந்த பணத்தை ஏழை மாணவர்களின் படிப்புக்குக் கொடுத்தார், இன்றைய டெம்பிள் பல்கலைக்கழகம் அவர் நட்ட விதை. அதனால் அந்தப் பேச்சை என்னால் முழுவதும் குறைசொல்ல முடியவில்லை. டிக்கெட் வாங்கிக் கேட்டவர்களுக்கு விற்க அவர் கையில் மனை எதுவும் இல்லை. மனை வைத்திருந்தவர் இன்னும் மேடைப் பக்கம் வரவில்லை.

1904இல் ரெட்பாத் நிறுவனத்தின் பங்குதாரரான கீத் வாவ்டர், அரங்கமே இல்லாத ஊர்களுக்குக் கூடாரத்தோடு பேச்சாளர்களை அனுப்பினார். முதல் பருவம் பெரும் நஷ்டம். 1907இல் மறுபடி முயன்றபோது கூட்டம் அள்ளியது. சர்க்கஸ் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று பழுப்பு நிறக் கூடாரம். 'ஷட்டாக்வா' என்று அழைக்கப்பட்ட அந்தக் கூடாரத்தை வரவழைக்க, டிக்கெட் விற்காவிட்டால் நஷ்டத்தை நாங்கள் ஏற்கிறோம் என்று உள்ளூர் வியாபாரிகள் கையெழுத்திட்டார்கள். அந்தக் கூடாரங்களின் முடிசூடா மன்னர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். நாட்டின் பணம் தங்கத்தை மட்டுமே நம்பி நிற்கக் கூடாது, வெள்ளிக்கும் இடம் வேண்டும் என்று 1896இல் சிகாகோவில் முழங்கி, 36 வயதில் ஜனாதிபதி வேட்பாளர் ஆனவர். மும்முறை நின்றார், மும்முறையும் தோற்றார். மனைவியின் மூட்டுவாதத்துக்கு இதமான வெயில் தேடி மயாமியில் குடியேறினார். பக்கத்திலேயே ஒருவர் நகரம் ஒன்றை விற்றுக்கொண்டிருந்தார்.

ஜார்ஜ் மெரிக், போதகரின் மகன். அப்பாவின் பழத்தோட்டத்தை மனைகளாகப் பிரித்து, கோரல் கேபிள்ஸ் என்று பெயர் வைத்து, 1921 முதல் விற்றார். ஃப்ளோரிடா முழுக்க நிலவெறி பிடித்திருந்த காலம். பத்து சதவீத அட்வான்ஸ் கட்டிய ரசீது, பத்திரம் ஆவதற்கு முன்பே பல கை மாறியது. வீடுகளுக்குக் கல்லெடுத்த பள்ளத்தை மெரிக் அழகிய நீச்சல் குளமாக்கினார், அதன் பெயர் வெனீஷியன் குளம். அதன் மேடையில் நின்று பேச பிரையனை அமர்த்தினார். ஆண்டுக்கு 1,00,000 டாலர், பாதி ரொக்கம், பாதி மனை என்று ஒப்பந்தம் ஆனது. வாங்க வருபவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பிரையன் தன் வெண்கலக் குரலில் ஃப்ளோரிடாவின் வெயிலையும் வருங்காலத்தையும் வர்ணிப்பார். கேட்பவர் ஒரு காசும் தர வேண்டாம்.

இந்தக் கதையில் எல்லாம் தலைகீழானது இந்த இடத்தில்தான் என்பேன். மில்பரி விவசாயி சந்தா கட்டினார், ட்வைனைக் கேட்டவர் டிக்கெட் வாங்கினார். பேச்சு பிடிக்காவிட்டால் அடுத்த முறை வரமாட்டார், பேச்சாளருக்கு அந்தப் பயம் இருந்தது. குளக்கரையில் பேச்சாளரின் கூலி விற்பவரின் பையிலிருந்து வந்தது, அதிலும் பாதி அந்த மனைகளாகவே வந்தது. விலை ஏறும் என்று சொல்பவருக்கே விலை ஏற வேண்டியிருந்தது.

1925 ஜூலை 26இல் பிரையன் டென்னசியில் பகல் தூக்கத்திலேயே இறந்தார். 1926 ஜனவரியில் ஒரு கப்பல் கவிழ்ந்து மயாமி துறைமுகத்தை அடைத்தது, கட்டுமானப் பொருட்கள் வராமல் வேலைகள் நின்றன. செப்டம்பர் 18இல் புயல் கரையேறியது. மனை விலைகள் சரிந்தன. செல்வமெல்லாம் இழந்த மெரிக், மயாமி தபால் அதிகாரியாக 1942இல் காலமானார்.

குளத்து மேடையின் ஏற்பாட்டை மட்டும் எந்தப் புயலும் அசைக்கவில்லை. சென்னையிலும் கோவையிலும் நட்சத்திர ஹோட்டல் அரங்குகளில் காலர் மைக்கோடு நின்று மனை, பங்குச்சந்தை, செயற்கை நுண்ணறிவு என்று விளக்கும் முதலீட்டு நிபுணரின் பூர்வீகம் அதுதான்: இலவச அனுமதி, சைட் பார்க்க இலவச வண்டி, பேச்சு முடிந்த கையோடு புக்கிங் படிவம்.

கூலி யார் தருவது என்ற கேள்வி இந்தியாவில் சட்டத்துக்குள் வர வெகுகாலம் ஆனது. கட்டணம் வாங்கி முதலீட்டு ஆலோசனை சொல்பவர் பதிவு செய்தாக வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி 2013இல் விதி வகுத்தது. ஒரே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, அவருக்கு விற்ற திட்டத்துக்குக் கமிஷனும் வாங்கக் கூடாது என்று 2020இல் திருத்தியது. அந்த விதிகள் பங்கு, பரஸ்பர நிதி போன்றவற்றுக்கு மட்டும். மனையை விற்க மேடை ஏறுபவரை அவை கட்டுப்படுத்துவதில்லை.